நம்ம ஊர் பாலாய் (போலீஸ் நிலையம்) ஒரு வருடம் முழுக்க என்ன வேலை பார்க்கிறது?

[திரையில்: ஒரு போலீஸ் ரிப்போர்ட்டின் நகல். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி மறைக்கப்பட்டிருக்கிறது. மேலே உள்ள ரிப்போர்ட் எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.]

வணக்கம். வீட்டில் பழைய போலீஸ் ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். மோட்டார் காணாமல் போனபோது போட்டதோ, பர்ஸ் தொலைந்தபோது போட்டதோ, எதுவானாலும் சரி. மேலே ஓர் எண் இருக்கும். முதலில் பாலாயின் பெயர், அப்புறம் ஒரு சாய்கோடு, நடுவில் நீளமாக ஓர் எண், மறுபடியும் சாய்கோடு, கடைசியில் இரண்டு இலக்கம். அந்தக் கடைசி இரண்டு இலக்கம்தான் வருடம். நடுவில் இருப்பது அந்த வருடத்தில் அந்தப் பாலாயில் பதிவான எத்தனையாவது ரிப்போர்ட் உங்களுடையது என்பதைச் சொல்கிற எண். புது வருடம் பிறந்தால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

டிசம்பர் கடைசியில் ரிப்போர்ட் போட்டவரின் எண்ணைப் பார்த்தாலே, அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிள்கள் வருடம் முழுக்க எத்தனை பேரிடம் கதை கேட்டிருக்கிறார்கள் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். எல்லாமே குற்றம் கிடையாது. தொலைந்த அட்டை, ரோட்டில் உரசிக்கொண்ட கார், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அந்த எண்ணுக்குள்தான் வரும்.

[காட்சி: சுங்கை சிப்புட் பழைய கடைத்தெரு, அப்புறம் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதை.]

பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் போலீஸ் வேலை என்பது கோலாலம்பூர் போலீஸ் வேலை மாதிரி இருக்காது. கடைத்தெரு சின்னது, ஆனால் பாலாய் பார்க்க வேண்டிய இடம் பெரியது. ரப்பர், செம்பனை, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயங்கள், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு நம்ம ஜனங்கள் வந்து சேர்ந்த மலிவு விலை வீட்டுத் தாமான்கள், கம்போங்குகள், உள்ளே போனால் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி கிராமங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு லயத்திலிருந்து 999-க்குக் கூப்பிட்டால், ரோந்து கார் தெருவிளக்கே இல்லாத பாதையில் செம்பனை மரங்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு வர வேண்டும். கூப்பிடும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் டிவிஷன் எது, கோயில் பக்கமா, பழைய ஆபீஸ் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவர் டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டு முனையில் நிற்கட்டும்.

நம்ம ஊருக்கும் போலீஸுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது 1960 வரைக்கும் நீடித்தது. தோட்டங்களுக்குச் சிறப்புக் காவலர்கள் வந்தார்கள், லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். போலீஸ் என்றால் சோதனை போட வருகிறவர்கள் என்ற எண்ணத்தோடுதான் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ‘பாலாய் படி ஏறினால் மானம் போச்சு’ என்று பாட்டிமார் இன்றைக்கும் சொல்வது சும்மா வந்த பேச்சில்லை.

சரி, வருடத்துக்கு வருவோம்.

[திரையில்: நாள்காட்டி. தைப்பூசம், சீனப் புத்தாண்டு, மார்ச் 25, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று ஒவ்வொன்றாக வட்டமிடப்படுகிறது.]

ஒரு சின்ன ஊர் பாலாயின் வருடம் பெருநாட்களை வைத்துத்தான் ஓடும். தைப்பூசத்துக்கு ரோட்டை மறிக்க வேண்டும், காவடிகளுக்கு வழி விட வேண்டும், கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைத் தேட வேண்டும். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் ஓப்ஸ் செலாமாட் என்ற பெருநாள் காலப் பாதுகாப்பு நடவடிக்கை. அதில் பாதி வேலை நெடுஞ்சாலையில், மீதி வேலை ஆளில்லாத வீடுகள் இருக்கும் தாமான்களில். ஊருக்குப் போவதற்கு முன்னால், இத்தனாம் தேதியிலிருந்து இத்தனாம் தேதி வரைக்கும் வீடு பூட்டியிருக்கும் என்று பாலாயில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து போகிறவர்கள் அந்தத் தெருவையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். நம்மில் பலர் தீபாவளிக்கு இதைச் செய்வதே இல்லை. மார்ச் 25 போலீஸ் தினம். 1807-ல் அதே தேதியில் பினாங்குக்கு வந்த நீதிச் சாசனத்திலிருந்துதான் இந்த நாட்டுப் போலீஸ் தன் வயதைக் கணக்கிடுகிறது. அப்புறம் தோட்டத்துக் கோயில்களின் திருவிழாக்கள். தேர் ரோட்டுக்கு வருவதாக இருந்தால் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே போலீஸில் பேசி வைத்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது, கடைசி நேரத்தில் போய் நின்றால் போக்குவரத்துக்கு ஆள் ஒதுக்குவது கஷ்டம்.

இந்தப் பெருநாட்களுக்கு நடுவில்தான் தினசரி வேலை. மோட்டார் திருட்டு, வீடு புகுந்து திருடுவது, ராத்திரியோடு ராத்திரியாகச் செம்பனைக் குலைகளை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவது, தொலைபேசிக் கம்பியை வெட்டிச் செம்பை விற்பது, குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுவது, வட்டிக்காரன் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவது. பள்ளிக்கூடங்களுக்குப் பள்ளித் தொடர்பு அதிகாரி என்று ஒரு போலீஸ்காரர் உண்டு. தமிழ்ப்பள்ளிக்கும் வருவார். சபைகூடலில் பகடிவதையைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் அவர் பேசும்போது, பிள்ளைகள் சீருடையில் இருக்கும் ஒருவரைப் பயமில்லாமல் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், வருடம் முழுக்க நடக்கும் சமூக சேவையில் இதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டியது.

[திரையில்: இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘வன்முறை’, இன்னொன்றில் ‘சொத்து’.]

இப்போது முக்கியமான இடம். மாவட்டப் போலீஸ் தலைவர் ‘இந்த வருடம் குற்றக் குறியீடு இறங்கியிருக்கிறது’ என்று சொன்னால் நாம் கை தட்டுகிறோம். அந்தக் குறியீட்டுக்குள் இருப்பது இரண்டு வகைதான். வன்முறைக் குற்றங்கள்: கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, அடித்துக் காயப்படுத்துவது. சொத்துக் குற்றங்கள்: வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு, வழிப்பறி, மற்றத் திருட்டுகள். போதைப்பொருள் இதில் வராது, அதற்குத் தனி இலாகா, தனிக் கணக்கு. தொலைபேசி மோசடி, இணைய முதலீட்டு மோசடி எல்லாம் வணிகக் குற்றப் பிரிவின் கணக்கு. ரோட்டில் செத்தவர்கள் போக்குவரத்துக் கணக்கு. ஆக, ஒரு தாமானில் மோட்டார் திருட்டு குறைந்து, அதே தாமானில் நாலு குடும்பம் சேமிப்பையெல்லாம் மோசடிக்காரனிடம் தொலைத்திருந்தாலும் குறியீடு இறங்கியதாகத்தான் இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. நாம்தான் மற்றக் கணக்குகளையும் கேட்க வேண்டும்.

இன்னொன்று, ரிப்போர்ட் போடாத திருட்டு எந்தக் கணக்கிலும் இல்லை. எந்தத் தெருவில், எந்த நேரத்தில் ரோந்து போவது என்பதை வந்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ‘பழைய மோட்டார்தானே, போனால் போகட்டும்’, ‘கேஸ் சிலிண்டர்தானே’ என்று லயத்தில் பத்துப் பேர் சும்மா இருந்துவிட்டால், பாலாயின் வரைபடத்தில் அந்த லயத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ‘இந்தப் பக்கம் போலீஸே வருவதில்லை’ என்று குறைப்பட்டுப் பயனில்லை.

[காட்சி: பாலாய் கவுண்டர். கான்ஸ்டபிள் தட்டச்சு செய்கிறார், எதிரே வயதான ஓர் அம்மா.]

ரிப்போர்ட் எப்படிப் போடுவது? நாட்டில் எந்தப் பாலாயிலும் போடலாம், சம்பவம் நடந்த இடத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. வாயால் சொன்னால் போதும், அவர்கள் தட்டச்சு செய்வார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107-ஆவது பிரிவு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது: எழுதியதைப் புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. மலாய் சரளமாக வராத நம்ம வயதானவர்களுக்கு இந்த ஒரு வரிதான் பெரிய பாதுகாப்பு. ‘வாசித்துக் காட்டுங்கள் ஐயா’ என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றும் கேளுங்கள், இல்லையென்றால் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். தேதி, நேரம், இடம், போன பொருள், அதன் மதிப்பு, சந்தேகப்படும் ஆள், அவர் வந்த வண்டியின் எண், இவை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மோட்டாராக இருந்தால் கிராண்டை (வண்டியின் பதிவுப் பத்திரத்தை) எடுத்துக்கொண்டு போனால் இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் தப்பில்லாமல் ஏறும்.

ரோட்டு விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் போட வேண்டும், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படி. ஆள் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பிள்ளையைக் காணாமல் ஒரு ராத்திரி முழுக்க வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காதீர்கள்.

ரிப்போர்ட் போட்டதும் விசாரணை அதிகாரி ஒருவருக்குப் போகும். இங்கேதான் பலருக்கு மனக்கசப்பு. ‘போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.’ சில புகார்களில் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாது. கைகலப்பில் சின்னக் காயம் பட்டது மாதிரி தண்டனைச் சட்டம் 323-க்குள் வரும் விஷயங்களில் மாஜிஸ்திரேட்டைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவது அதனால்தான். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால் கதை வேறு. அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் ஆகிவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாலாய்ப் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசு வழக்கறிஞருக்கு எழுதலாம். எழுத்தில் கேளுங்கள், ரிப்போர்ட் எண்ணைப் போடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பயம் இருக்கிறது, அதையும் பேசியே ஆக வேண்டும். 2009-ல் குகன், 2013-ல் தர்மேந்திரன். இரண்டு பேருமே போலீஸ் காவலில் இறந்துபோனவர்கள். நம்ம சமூகம் அந்தப் பெயர்களை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். அதனால்தான் உரிமையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும், இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதற்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும், இது அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. போலீஸ்காரர்களின் நடத்தை பற்றிய புகாருக்கு 2023 ஜூலை 1 முதல் ஐபிசிசி என்ற சுயேச்சை ஆணையம் செயல்படுகிறது.

[காட்சி: தாமான் முனையில் ருக்குன் தெத்தாங்கா கொட்டகை. டார்ச், மேல்சட்டை, கையெழுத்துப் புத்தகம்.]

சமூக சேவை என்றதும் ரத்ததானமும் கூட்டுத் துப்புரவும்தான் ஞாபகத்துக்கு வரும். அவையும் நடக்கின்றன, நல்லதுதான். ஆனால் ராத்திரிக் கண் விழிக்கிற வேலை ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் ரோந்து. 1975-ல் ஆரம்பித்தது, இப்போது 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. மேஸ்திரி அண்ணன், லாரி ஓட்டும் தம்பி, ஓய்வுபெற்ற வாத்தியார் எல்லாரும் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு இரண்டு பேராகச் சுற்றி வருவார்கள். போலீஸ்காரர் அவ்வப்போது வந்து அந்தப் புத்தகத்தைப் பார்ப்பார். இவர்கள் போலீஸ் கிடையாது. கண்ணெதிரே திருடியவனைப் பிடித்து வைக்கலாம், தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டி வைத்து அடித்தால் அடித்தவர்கள் மேல்தான் வழக்கு வரும். அப்படி உணர்ச்சிவசப்பட்டு கோர்ட்டுக்கு அலையும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

[திரையில்: 997]

கடைசியாக, இன்றைக்கு நம்ம பிள்ளைகளைச் சிறைக்கு இழுக்கிற விஷயம் வங்கி அட்டை. ‘உன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடு, சில நூறு ரிங்கிட் தருகிறேன்’ என்று ஒருத்தன் வருவான். அந்தக் கணக்கில் யாரோ ஒரு தாத்தாவின் இபிஎஃப் பணம் வந்து விழும். போலீஸ் தட்டப்போவது கார்டு கொடுத்த பிள்ளையின் கதவைத்தான், கணக்கு அவன் பெயரில்தானே இருக்கிறது? 2024-ல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதுப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். யாருக்காவது பணம் போடுவதற்கு முன்னால் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997-ஐக் கூப்பிடுங்கள், வங்கியையும் கூப்பிடுங்கள், அப்புறம் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மடக்க வேண்டும், வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப் போட்டால் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்த முறை கோயில் மண்டபத்திலோ தாமான் கூட்டத்திலோ மாவட்டப் போலீஸ் தலைவர் வந்து வருடக் கணக்கைச் சொல்லும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மோசடியில் நம்ம ஊர் இழந்தது எவ்வளவு, போதைப்பொருள் கைதில் 25 வயதுக்குக் கீழே எத்தனை பேர், நம்ம பாலாயில் ராத்திரி ஷிஃப்டில் தமிழ் பேசத் தெரிந்தவர் இருக்கிறாரா. மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்த பிள்ளைகளைத் திரும்பிப் பாருங்கள். கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அங்கேயே அவர்களிடம் பேசுங்கள்.