முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும்

அவைக்கு வணக்கம்.

இந்த மண்டபத்தின் பின்வரிசைகளில் இருக்கும் இளைய பிள்ளைகளை நோக்கித்தான் இன்று நான் முதலில் பேச வேண்டும். வடக்கு மாகாண சபைக்கென்று தனியாகத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு தடவை, 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. உங்களில் பலர் அன்று ஆரம்பப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இன்று உங்கள் கையில் வாக்கு இருக்கிறது. ஆனால் மாகாண சபைக்கு அதை அளிக்க ஒரு நாளும் உங்களுக்கு வாய்க்கவில்லை. மாகாண அமைச்சர் என்பவர் யார், அவரை யார் நியமிப்பது, யார் நீக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அது உங்கள் பிழையே இல்லை. காட்டித் தர வேண்டியவர்கள் காட்டவில்லை. அதனால் இன்று உணர்ச்சிப் பேச்சைத் தவிர்த்து, சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையும், அது நம் கண்முன் எப்படி நடந்ததோ அதையும் சொல்லப் போகிறேன்.

1987 நவம்பர் 14ஆம் திகதி அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் சட்டமானது. மாகாண சபைகள் அதில் பிறந்தவை. அமைச்சர் வாரியம் பற்றி அது சொல்வது சில வரிகள்தான். ஆளுநருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஒரு வாரியம் இருக்க வேண்டும். முதலமைச்சர் நீங்கலாக நான்கு அமைச்சர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்பது மாகாணங்களுக்கும் இதே கணக்கு. 104 உறுப்பினர்கள் இருந்த மேல் மாகாண சபைக்கும் நால்வர், 38 உறுப்பினர்கள் இருந்த நமக்கும் நால்வர். கொழும்பில் மத்திய அமைச்சரவை வீங்கியதைப் பார்த்த நாட்டில் இந்தக் கட்டுப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன்.

இனி, முதலமைச்சரைத் தெரிவு செய்யும் முறை. சபையில் பெரும்பான்மையோரின் ஆதரவைப் பெறக்கூடியவர் என்று யாரைக் கருதுகிறாரோ, அந்த உறுப்பினரை ஆளுநர் நியமிக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரு தனிக்கட்சி பாதிக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பிடித்துவிட்டால், சபையில் அந்தக் கட்சியின் தலைவரையே நியமித்தாக வேண்டும். அங்கே ஆளுநரின் கருத்துக்கு இடமே கிடையாது. 2013இல் வடக்கில் நடந்தது இதுதான். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் 38இல் 30 ஆசனங்களை வென்றது. உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வு பெற்ற சி.வி. விக்னேஸ்வரன் ஒக்டோபர் 7ஆம் திகதி ஜனாதிபதி முன்னிலையில் சத்தியப்பிரமாணம் செய்தார். ஆளுநராக அப்போது இருந்தவர் ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வேறொருவரை நியமிக்க முடியாத அளவுக்கு நம் மக்கள் வாக்களித்திருந்தார்கள்.

பொது விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கிழக்குக்குப் போக வேண்டும். 2012 செப்டெம்பரில் அங்கே 37 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. பெரும்பான்மைக்கு 19 வேண்டும். யாரிடமும் அது இல்லை. ஏழு ஆசனம் வைத்திருந்த முஸ்லிம் காங்கிரஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆட்சி. முதலமைச்சர் பதவியையே தருகிறோம் என்று கூட்டமைப்பு கேட்டுப் பார்த்தது. முஸ்லிம் காங்கிரஸ் ஆளும் கூட்டணியோடு போனது. நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சரானார். இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறினார், பெப்ரவரியில் கிழக்கின் முதலமைச்சர் மாறினார். முஸ்லிம் காங்கிரஸைச் சேர்ந்த ஹாபிஸ் நஸீர் அஹமட் பதவியேற்றார். பின்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிலிருந்து இருவர் அவருடைய வாரியத்தில் அமைச்சர்களாக இருந்தார்கள். சபை அதே சபை. மக்கள் புதிதாக ஒரு வாக்குக்கூடப் போடவில்லை. கூட்டல் கணக்கு மாறியது, அமைச்சர் வாரியம் மாறியது. இது சதியும் இல்லை, குறுக்கு வழியும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் வழி. தமிழ் பேசும் இரு சமூகங்களும் கிழக்கில் சேர்ந்து ஆண்ட அந்தக் காலத்தை நான் பெருமையோடுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் 'என் கருத்தில் இவருக்குத்தான் ஆதரவு இருக்கிறது' என்று ஆளுநர் எதையும் சொல்லிவிடலாமா? 1993 மாகாண சபைத் தேர்தலுக்குப் பிறகு வடமேல் மாகாணத்தில் எழுந்த வழக்கில் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றத்துக்கே போனது. ஆளுநரின் அந்தத் தெரிவை நீதிமன்றம் ஆராயலாம், கட்டுப்பாடே இல்லாத தற்றுணிபு, அதாவது தன் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரம், என்று பொதுச் சட்டத்தில் ஒன்று கிடையாது என்று தீர்ப்பு வந்தது. சிங்கள மாகாணம் ஒன்றில் பிறந்த அந்தத் தீர்ப்பு நம் எல்லோருக்குமான காவல்.

ஏனைய நால்வரையும் நியமிப்பவரும் ஆளுநர்தான். ஆனால் முதலமைச்சரின் ஆலோசனைப்படி, சபை உறுப்பினர்களிலிருந்து. சொல்ல இரண்டு வரி, நடைமுறையில் பெரிய தலைவலி. 2013ஐ நினைத்துப் பாருங்கள். கூட்டமைப்பில் ஐந்து கட்சிகள். மாகாணத்தில் ஐந்து மாவட்டங்கள். கொடுக்க இருப்பவை நான்கு கதிரைகள். விவசாயம் பொ. ஐங்கரநேசனுக்கு, கல்வி த. குருகுலராஜாவுக்கு, சுகாதாரம் ப. சத்தியலிங்கத்துக்கு, மீன்பிடியும் போக்குவரத்தும் பா. டெனீஸ்வரனுக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மன்னார் என்று மாவட்டங்களை எண்ணிக்கொண்டு வந்தால் முல்லைத்தீவுக்கு அமைச்சர் இல்லை! போர் கடைசியாக நின்று எரிந்த மாவட்டம் அது. பிரதி அவைத் தலைவர் பதவி அங்கே போனது. ஆனால் அவையை நடத்தும் பதவியும் அமைச்சும் ஒன்றாகுமா? கட்சிகளுக்குள் கோபம், சத்தியப்பிரமாண நிகழ்வுக்கு உறுப்பினர் சிலர் வராமல் விட்டது, எல்லாம் நடந்தன. எனக்கு யாரையும் குறை சொல்லும் நோக்கம் இல்லை. நால்வர் என்ற எல்லை இருக்கும்வரை எந்த முதலமைச்சரும் இந்தக் கணக்கில் யாரையாவது வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். அதை முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிட்டுத் தேர்தலுக்கு வருவதுதான் நேர்மை.

வாரியம் கூட்டாகச் சபைக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். அதன் ஆலோசனைப்படி ஆளுநர் நடக்க வேண்டும். இதோடு நின்றிருந்தால் நாம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அடுத்த வரி இருக்கிறது. ஆளுநர் தன் தற்றுணிபில் செய்ய வேண்டிய விடயங்களில் இந்த ஆலோசனை அவரைக் கட்டாது. எது தற்றுணிபுக்குரியது என்று கேள்வி வந்தால் தீர்மானிப்பவரும் ஆளுநரே. அந்தத் தற்றுணிபை அவர் ஜனாதிபதியின் பணிப்புரைப்படி பயன்படுத்த வேண்டும். அவரை நியமிப்பதும் ஜனாதிபதி. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தைப் புரட்டினால் இன்னும் தெரியும். மாகாண அரச சேவையில் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகிய அதிகாரங்கள் ஆளுநரிடம் இருக்கின்றன. பிரதம செயலாளரை ஜனாதிபதி நியமிக்கிறார். முதலமைச்சரின் இணக்கம் அதற்கு வேண்டும், அவ்வளவுதான். ஆக, கல்வி அமைச்சர் ஒரு கொள்கையை அறிவிக்கலாம், சபை ஒரு நியதிச்சட்டத்தை, அதாவது மாகாணத்துக்கான சட்டத்தை, நிறைவேற்றலாம். அதைச் செய்து முடிக்க வேண்டிய அலுவலர்மீது கடைசிச் சொல் அமைச்சருடையது இல்லை. மாகாண அமைச்சர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சந்தையில் நின்று திட்டுகிறோமே, திட்டுவதற்கு முன் இந்தப் பக்கங்களையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இப்போது நீக்கம். நியமனத்தைப் பற்றி எழுதிய அந்த உறுப்புரை, அமைச்சரை யார் நீக்குவது என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2017 ஆகஸ்டில் அந்த மௌனத்துக்கு நாம் விலை கொடுத்தோம். முதலமைச்சர் வாரியத்தை மாற்றியமைத்தார், டெனீஸ்வரனைப் பதவி நீக்கினார். அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். 2018 ஜூன் 29ஆம் திகதி நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. விளைவைக் கவனியுங்கள். முதலமைச்சர் ஒருவர், அதற்குள் பதவியேற்றிருந்த அமைச்சர்கள் நால்வர், இப்போது டெனீஸ்வரனும். ஆறு பேர்! அரசியலமைப்பு அனுமதிப்பது ஐந்து பேரை. ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் சொல்கிறார், வழக்கு நடக்கும்போது யாரைக் குறைப்பது என்று முதலமைச்சர் கேட்கிறார். வாரியம் கூடினால் அது சட்டப்படியான வாரியமா என்பதே கேள்வியாகிவிட்டது. சபையின் ஐந்து வருட ஆயுள் ஒக்டோபரில் முடிகிறது. கையில் மிச்சம் இருந்த நான்கு மாதங்கள் இந்த இழுபறியிலேயே கழிந்தன. 2019 ஆகஸ்டில் இறுதித் தீர்ப்பு வந்தது: நீக்கும் அதிகாரம் முதலமைச்சரிடம் இல்லை. நியமிப்பவருக்கே நீக்கும் அதிகாரமும் உண்டு என்பது சட்டப் பொருள்கோடலின் பழைய விதி. முதலமைச்சர் ஆலோசனை சொல்ல, ஆளுநர் அதை நிறைவேற்றி வர்த்தமானியில் வெளியிட்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். தீர்ப்பு வந்தபோது சபையே இருக்கவில்லை.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. முப்பது ஆசனங்களைக் கொடுத்த மக்களுக்கு நாம் காட்டியது இதைத்தான்.

சபை கலைந்த பிறகு என்ன ஆனது? மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநர் நேரடியாகவோ அமைச்சர்கள் ஊடாகவோ தனக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்கள் ஊடாகவோ செலுத்தலாம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. நடுவில் இருந்த அமைச்சர்கள் போய்விட்டார்கள். 'நேரடியாக' என்ற சொல் மட்டும் நிற்கிறது. 2018 ஒக்டோபருக்குப் பிறகு நம் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் பற்றிய மாகாண முடிவுகளுக்கு, நாம் தெரிவு செய்த ஒருவரும் பொறுப்புச் சொல்வதில்லை. நமக்கு மட்டும் நேர்ந்த கதியும் இல்லை இது. 2019க்குள் ஒன்பது மாகாணங்களும் இந்த நிலைக்கு வந்துவிட்டன.

தேர்தல் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2017இல் நாடாளுமன்றம் மாகாணத் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தது. புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒருவர்கூட இல்லை, எதிராக 139 பேர். சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழுவிடம் போனது. அங்கிருந்து வெளியே வரவில்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. 2025ஆம் ஆண்டிலும் அதே இடத்தில்தான் நின்றோம்.

பழைய விகிதாசார முறையிலேயே ஒரு தேர்தலை நடத்தலாம் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால் இந்த முடிச்சு அவிழும். உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீதி கேளுங்கள், குளம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இந்தத் திருத்தத்துக்கு அவர் என்ன செய்தார் என்றும் கேளுங்கள். மாகாண சபைத் தேர்தலில் வாக்கு அளிக்காத தலைமுறை நீங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிட உரிமை உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை.

வணக்கம்.