டே கேருக்குக் கட்டியது 18,000 டாலர், கிரெடிட் 600

வணக்கம் மக்களே. பின்னால் டமடமவென்று கேட்டால் பயப்படாதீர்கள், நம்ம வாண்டு அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிறான். இதோ என் கையில் இருப்பது போன வருடம், அதாவது 2025-இல், டே கேருக்குக் கட்டிய மொத்தக் கணக்கு, 18,000 டாலர். அமெரிக்காவில் இந்தச் செலவுக்கு வருமான வரியில் ஒரு கழிவு தருவார்கள், அதைத்தான் கிரெடிட் என்கிறேன். இதைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய தொகை திரும்ப வரும் என்று நானும் கனவு கண்டேன். ஒரு பிள்ளைக்கு 3,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 6,000. 2025 கணக்கில், வருமானம் 43,000-ஐத் தாண்டினால் அந்த 3,000-இல் 20 சதவீதம், ஆக 600 டாலர். கட்ட வேண்டிய வரியில்தான் அது கழியும், வரியே இல்லை என்றால் கையில் காசாக வராது. 2021-இல் ஒரு வருடம் தாராளமாகக் கொடுத்தார்கள், 2025 கணக்கில் அது இல்லை.

நம்ம ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. நான் எச்4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் விசாவில், வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்த வருடம் பிள்ளையை வாரம் மூன்று நாள் ப்ரீஸ்கூலில் விட்டோம். வரி சாஃப்ட்வேரில் அந்தத் தொகையைப் போட்டால் ரீஃபண்ட் ஒரு டாலர்கூட நகரவில்லை, அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் ரொம்ப எளிது, கணவன் மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் இருக்க வேண்டும். ஒருவர் முழுநேரம் கல்லூரியில் படித்தால் மாதம் 250 டாலர் சம்பாதித்ததாக வைத்துக்கொள்வார்கள், இரண்டு பிள்ளை என்றால் 500.

அப்புறம், ஆபீஸில் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ-வில், அதாவது பிள்ளை பராமரிப்புக்கு வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் ஒதுக்கி வைக்கும் கணக்கில், 5,000 போட்டிருந்தால் ஒரு பிள்ளைக்காரர்களுக்கு இந்த கிரெடிட் கிடையாது, அந்த 3,000 அதிலேயே முடிந்துபோகும். எனக்கு எஃப்எஸ்ஏ-தான் லாபம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அந்தப் பணத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி வரியும் பிடிக்க மாட்டார்கள்.

வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் அக்காக்களிடம் விடுபவர்கள் முதல் மாதமே அவர்களுடைய வரி எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கிரெடிட் கேட்கும் 2441 படிவத்தில் அதை எழுத வேண்டும். கேட்க டபிள்யூ-10 என்று ஒரு தாளே இருக்கிறது. சம்மர் கேம்ப்பில் பகல் கேம்ப் செல்லும், ராத்திரி தங்குவது செல்லாது.

டேய், மாவு டப்பாவைத் திறக்காதே! சரி மக்களே, நான் ஓடுகிறேன்.