தச்சன் வீட்டுத் தகப்பன்

(குன்னூர் பக்கம் ஒரு தேவாலயத்தில், ஆண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தகப்பன்மார்களே, தாத்தாமார்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். 'நல்ல தகப்பனாக இருப்பது எப்படி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் அதற்கு ஒரு படி முன்னால் இருந்து தொடங்குகிறேன். அந்தத் தகப்பன் தன்னை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்?

இந்த மலையில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களை இங்கே தொடங்கினார்கள். கண்டியில் இருந்தவரை 'இந்தியாக்காரன்'. இங்கே வந்து இறங்கியதும் 'சிலோன்காரன்'. உங்களில் சிலருடைய அப்பாக்கள் இந்த இரண்டு பெயரையும் கேட்டவர்கள். அந்த மனுஷன் சாயங்காலம் தோட்டத்து லைன் வீட்டுக்குத் திரும்பி மகனைப் பார்த்துச் சொல்வார்: "நீயாவது படிச்சு ஆளாகி நம்ம பேரைக் காப்பாத்துடா." பாசத்தில் சொல்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் யார் என்று ஊர் என்னைக் கேட்ட கேள்விக்கு, ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பையனைப் பதில் எழுதச் சொல்கிறோமே, அது அவனால் ஆகிற காரியமா?

வேதத்தில் நம்மைப் போல ஊர் மாறிய தகப்பன் ஒருவர் உண்டு, இயேசுவை வளர்த்த யோசேப்பு. இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோதும் யூதேயாவுக்குப் போகப் பயம். அங்கே, பிள்ளையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவின் மகன் அர்கெலாயு பட்டத்துக்கு வந்துவிட்டான். அதனால் கலிலேயாவில் நாசரேத்தில் போய்க் குடியிருந்தார். பூர்வீகம் திருச்சி, புதுக்கோட்டை என்று சொல்லிக்கொண்டு கோத்தகிரியில் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யோசேப்பு பேசியதாக சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. (நம் வீட்டு அப்பாக்களில் பாதிப் பேர் இந்த விஷயத்தில் யோசேப்பின் சீடர்கள்தான்.) ஆனால் அவரிடம் பேசப்பட்ட வார்த்தையைக் கவனியுங்கள். தூதன் சொப்பனத்தில் வந்து, "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே" என்று கூப்பிடுகிறான். கைத்தொழில் தச்சு வேலை. கூப்பிட்ட பெயரோ ராஜா வீட்டுப் பிள்ளை. நீ யாருடைய பிள்ளை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் தகப்பன் வேலையை அவர் கையில் கொடுக்கிறார் ஆண்டவர்.

இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியிலும் அதே வரிசைதான். "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்தபோது, இயேசு ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒரு வியாதியஸ்தனையும் சுகமாக்கியிருக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? மார்க்‌ஷீட் வரட்டும், அப்புறம் பிரியமாயிருக்கலாம் என்று வைத்திருக்கிறோம். குடும்ப ஜெபத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. சங்கீதம் வாசித்து முழங்கால் போட்டதும், "ஆண்டவரே, இந்தப் பையன் செல்போனைத் தூக்கி எறிய புத்தியைக் கொடும், கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறான், நீர் அறிவீர்" என்று ஆரம்பிக்கிறோம். பையன் ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்கிறான். அது ஜெபமில்லை ஐயா, ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்துத் திட்டுவது.

கண்டிக்கவே வேண்டாமா என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது கேட்கிறது. கண்டிக்கத்தான் வேண்டும். தன் மகன் அதோனியாவை ஏன் இப்படிச் செய்தாய் என்று தாவீது ராஜா ஒருநாளும் கேட்டதில்லை. அவன் அப்பா உயிரோடிருக்கும்போதே தன்னை ராஜாவாக்கிக்கொண்டான். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அதே வசனத்தில் சிட்சையையும் வைத்தார். ஆனால் தன் மானம் பிள்ளையின் கையில் இல்லை என்று தெரிந்த தகப்பன்தான் தப்பை மட்டும் கண்டிக்க முடியும். தெரியாதவன், "ஊர்ல தலை காட்ட முடியலையே" என்று தனக்காக அடிப்பான்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பிள்ளையைக் காணோம். மூன்று நாள் கழித்து எருசலேம் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். "உன் தகப்பனும் நானும் தேடினோமே" என்கிறாள் மரியாள். பிள்ளையோ வேறொரு பிதாவைப் பற்றிப் பதில் சொல்கிறது. வளர்த்த யோசேப்புக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் கோபப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. பிள்ளையும் அவர்களோடே நாசரேத்துக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தது. ஞானஸ்நானத்தன்று நாமும் இதே பீடத்தின் முன்னால், ஆண்டவருடைய பிள்ளை என்று பிள்ளையைப் போதகர் கையில் கொடுத்திருக்கிறோம். இப்போது அவன் தோட்டம் வேண்டாம், கோயம்புத்தூரில் ஏசி மெக்கானிக் வேலைக்குப் போகிறேன் என்கிறான். சரி, தங்குகிற இடம் எப்படி, சம்பளம் எவ்வளவு என்று விசாரியுங்கள். பஸ் ஏற்றிவிட நீங்களே போங்கள்.