பெரியகுளத்துக்குச் சேறும் வேண்டும்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம். 'கோவைக் குளங்களைச் சீரமைத்தது ஊருக்கு லாபமா, நஷ்டமா?' என்பது இன்றைய தலைப்பு. நஷ்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் உக்கடம் பெரியகுளத்து நடைபாதையையும் விளக்குகளையும் பற்றி அழகாகப் பேசினார். சாயங்காலம் பிள்ளைகளோடு காற்று வாங்க ஓர் இடம் கிடைத்தது, உண்மைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரையும் தண்ணீரும் சேருகிற அந்தச் சில அடி இடம் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவே இல்லையே, ஐயா?

நொய்யல் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பழைய பாசனக் குளங்கள் இவை. இப்படிப்பட்ட குளத்தின் ஓரம் மெல்லச் சரிந்து இறங்கும். முதலில் கோரை, அப்புறம் சேறு, அப்புறம் கணுக்கால் அளவு தண்ணீர். உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவை அலகை நுழைத்துப் புழு தேடுவது அந்தச் சேற்றில். தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தக் கோரைக்குள். 2016-இல் மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான ஸ்மார்ட் சிட்டியின் பட்டியலில் கோவை வந்தது. அதன் பிறகு கரைகளை அகலப்படுத்தினார்கள், கல் பதித்தார்கள். பல இடங்களில் பறிபோனது இந்த ஓரம்தான்.

"பறவைகள் இன்னும் வருகின்றனவே" என்று கேட்டார் அண்ணன். வருகின்றன, நானும் பார்க்கிறேன். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் மீன் இருந்தால் போதும், நடுக்குளத்திலேயே பிழைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வந்து இறங்குகிற உள்ளான் என்ன செய்யும்? அதற்கு நீந்திப் பிழைக்கத் தெரியாது. கல் சரிவில் அதற்கு இரையும் இல்லை.

சரி, சட்டம் காப்பாற்றாதா? ஈரநிலங்களைக் காக்க மத்திய அரசு கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டின் விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய குளங்களை ஈரநிலம் என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. நம் முன்னோர் வயலுக்காக வெட்டினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் குளங்கள் வெளியே நிற்கின்றன. எனக்கு மனசு ஆறாத இடம் இது.

சிங்காநல்லூர் குளத்தைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்ததும் இதே கோவைதான். அந்த மனசு மற்றக் குளங்களுக்கும் வரட்டும். ஒவ்வொரு குளத்திலும் ஒரு பக்கக் கரையையாவது கல்லும் விளக்கும் இல்லாமல், சேறும் கோரையுமாக விட்டுவைக்கச் சொல்லித் தீர்ப்புத் தாருங்கள், ஐயா.