கடனைத் தள்ளுபடி செய்தார்கள், கட்டணத்தைத் தொடவில்லை

வணக்கம். அமெரிக்க மாணவர் கடன் தள்ளுபடி குறித்து ஒரு காணொளி போடுமாறு உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். ஜோ பைடன் அரசு 2022 ஆகஸ்ட் 24 அன்று இந்தத் திட்டத்தை அறிவித்தபோது வலதுசாரிகள் கொதித்தெழுந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைத்தால் இவர்களுக்குப் பொறுக்காது என்று சொல்லி, அந்த எதிர்ப்பைப் பல ஊடகங்கள் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டன. வலதுசாரிகள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் பழக்கம் எனக்கில்லை என்பது இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் லிபரல் அரசியலின் மீது அவர்கள் வைக்கும் விமர்சனங்களிலேயே மிகவும் வலுவானது இதுதான் என்று நான் கருதுகிறேன். அதை முழுமையாகக் கேட்காமல் கடந்துபோவது சரியல்ல.

முதலில் திட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 1,25,000 டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் தனிநபருக்கும், 2,50,000 டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் தம்பதிக்கும், மத்திய அரசிடம் வாங்கிய கல்விக் கடனில் 10,000 டாலர் வரை தள்ளுபடி. படிக்கும் காலத்தில் பெல் மானியம் பெற்ற, அதாவது பெரும்பாலும் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு 20,000 டாலர் வரை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவு செலவுத் திட்ட அலுவலகம் இதற்கு ஏறத்தாழ 40,000 கோடி டாலர் செலவாகும் என்று கணித்தது. அந்த நேரத்தில் மத்திய அரசுக்கு மாணவர்கள் திருப்பித் தர வேண்டிய மொத்தக் கடன் சுமார் 1.6 லட்சம் கோடி டாலர்; கடனாளிகள் நான்கு கோடிக்கும் மேல். நம் ஊரில் கடன் தள்ளுபடி என்றதும் தேர்தல் நினைவுக்கு வருவதைப் போலவே, அங்கும் நவம்பரில் இடைக்காலத் தேர்தல் காத்திருந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வலதுசாரிகளின் முதல் கேள்வி நியாயம் பற்றியது. 25 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள் பத்தில் நான்கு பேருக்கும் குறைவு. பள்ளி முடித்ததும் வெல்டிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர், கடனுக்குப் பயந்து ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியோடு நிறுத்திக்கொண்டவர், பத்து ஆண்டுகள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைத்து முடித்தவர் ஆகிய எல்லோருடைய வரிப்பணத்திலிருந்தும் ஒரு வழக்கறிஞர் தம்பதியின் கடனை ஏன் அடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம், அதாவது பாதிக் குடும்பங்கள் மேலேயும் பாதி கீழேயும் இருக்கும் தொகை, அந்த ஆண்டு ஏறத்தாழ 75,000 டாலர்தான் என்பதை அந்த 2,50,000 டாலர் வரம்போடு ஒப்பிட்டால் கேள்வியின் கூர்மை புரியும். பெல் மானியம் பெற்றவர்களுக்கு இரட்டிப்புத் தள்ளுபடி இருந்ததே என்று லிபரல்கள் பதில் சொன்னார்கள். அது உண்மைதான், பயனாளிகளில் பெரும் பகுதியினர் பணக்காரர்களும் அல்லர். ஆனால் ஏழைகளுக்காகத்தான் திட்டம் என்றால் வரம்பை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்பதற்கு எனக்குத் திருப்தியான விடை இதுவரை கிடைக்கவில்லை.

நியாயம் பற்றிய வாதம் எப்போதும் இழுபறியில்தான் முடியும். எனவே இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுவே முக்கியம். கடன் ஏன் இவ்வளவு பெருகியது?

திரையில் இப்போது தெரிவது ஒரு சட்டக் கல்லூரியின் செலவு விவரப் பக்கம். பெயரை மறைத்திருக்கிறேன், எந்தக் கல்லூரியின் பக்கத்தை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதல் வரியில் கல்விக் கட்டணம். அடுத்து தங்குமிடமும் உணவும். பிறகு புத்தகங்கள், போக்குவரத்து, தனிப்பட்ட செலவுகள். கடைசிக்கு முந்தைய வரியைக் கவனியுங்கள்: கடன் வாங்குவதற்காக அரசு பிடித்துக்கொள்ளும் கட்டணமும் ஒரு செலவாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது, அதாவது கடன் வாங்குவதற்கான செலவையும் கடனாகவே வாங்கலாம். கடைசி வரி கூட்டுத்தொகை. 'கிராட் பிளஸ்' என்ற கடன் திட்டத்தின்படி, முதுநிலை மாணவர் ஒருவர் வேறு உதவிகள் போக மீதமுள்ள இந்தக் கூட்டுத்தொகை முழுவதையும் மத்திய அரசிடம் கடனாகப் பெற முடிந்தது. கூட்டுத்தொகையைத் தீர்மானிப்பது கல்லூரி. அதைக் கொடுப்பது அரசு. திருப்பித் தர வேண்டியது மாணவர். இளங்கலை மாணவர்களுக்காவது, பெற்றோரைச் சார்ந்திருப்பவர் என்றால் மொத்தம் 31,000 டாலர் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. முதுநிலையில் அப்படி எந்த வேலியும் இருக்கவில்லை.

இதோடு 2007-இல் வந்த பொதுச் சேவைக் கடன் தள்ளுபடிச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அரசுப் பணியிலோ இலாப நோக்கமற்ற அமைப்பிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளைச் செலுத்தினால் மீதிக் கடன் ரத்தாகிவிடும். தவணையோ வருமானத்தைப் பொறுத்தது. ஆகவே இந்த வழியில் போகும் மாணவர் ஒருவர் ஒரு லட்சம் டாலர் வாங்கினாலும் இரண்டு லட்சம் வாங்கினாலும் அவர் கையிலிருந்து போகும் தொகை பெரும்பாலும் ஒன்றுதான். அப்படியானால் கல்லூரி கட்டணத்தை உயர்த்தும்போது அவர் ஏன் முகம் சுளிக்கப் போகிறார்? விலை ஏறினால் வாங்குபவர் விலகுவார் என்ற சந்தையின் ஒரே தடுப்பையும் இரு சட்டங்களும் சேர்ந்து எடுத்துவிட்டன.

அதிபர் ரொனால்ட் ரீகனின் கல்விச் செயலாளராக, அதாவது நம் ஊர்க் கணக்கில் கல்வி அமைச்சராக, இருந்த வில்லியம் பென்னட், 1987 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: மத்திய உதவி கூடக்கூட, அது பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில் கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றுகின்றன. அப்போது கல்வியாளர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். 2015-இல் நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் மானியக் கடனின் உச்சவரம்பில் கூடிய ஒவ்வொரு டாலருக்கும் கட்டணத்தில் சுமார் 60 சென்ட் ஏறியதாகக் கண்டது. எல்லா ஆய்வுகளும் இதே முடிவுக்கு வரவில்லை. இலாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளில் தெளிவாகத் தெரியும் விளைவு, மாநிலப் பல்கலைக்கழகங்களில் மங்கலாகவே தெரிகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசுகள் பல்கலைக்கழகங்களுக்கான நிதியை வெட்டியதும் கட்டணம் ஏறியதற்கு ஒரு காரணம் என்று லிபரல்கள் சொல்வதையும் மறுக்க முடியாது. இருந்தாலும் பைடனின் திட்டத்தில், எதிர்காலத்தில் இதே கடன் மறுபடியும் மலையாகக் குவியாமல் தடுக்க வலுவான ஏற்பாடு ஏதாவது இருந்ததா என்று தேடினால் கையில் அகப்படுவது மிகக் குறைவு. வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் தண்ணீரை இறைத்தார்கள், மதகு திறந்தே கிடந்தது.

ஒரு செய்தியை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிராட் பிளஸ் கடனைக் கொண்டுவந்தவர்கள் லிபரல்கள் அல்லர். குடியரசுக் கட்சி பெரும்பான்மை வகித்த காங்கிரஸ் நிறைவேற்றி, 2006 பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில் அது இருக்கிறது. வலதுசாரி வானொலிகளில் இதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

மூன்றாவது விமர்சனம் அதிகாரம் பற்றியது. இந்தத் தள்ளுபடிக்காகக் காங்கிரஸில் புதிய சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. ஈராக் போர்க் காலத்தில், 2003-இல் நிறைவேறிய 'ஹீரோஸ்' சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். போரோ தேசிய அவசரநிலையோ ஏற்பட்டால், அதனால் பாதிக்கப்பட்ட கடனாளிகள் பொருளாதார நிலையில் பின்தங்காதபடி கல்விச் செயலாளர் விதிகளைத் தளர்த்தலாம், மாற்றலாம் என்கிறது அந்தச் சட்டம். போர்முனைக்குப் போன ராணுவ வீரர்கள் தவணை தவறிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த விதி அது. கோவிட் அவசரநிலையைக் காட்டி அதே விதியைக் கோடிக்கணக்கானவர்களுக்கு விரித்தார்கள். அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று பைடனே தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நெப்ராஸ்கா, மிசூரி உட்பட ஆறு மாநிலங்கள் தொடுத்த வழக்கில், 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் திட்டத்தை ரத்து செய்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. செயலாளர் விதிகளைச் சற்றே மாற்றியிருக்கிறாராம். பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் நிலையை மாற்றியதைப் போன்ற மாற்றம்தான் அது என்று, முந்தைய ஒரு தீர்ப்பின் சொற்களை எடுத்தாண்டு குத்திக்காட்டுகிறார். பைடனின் கட்சியைச் சேர்ந்த, அப்போதைய பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி 2021 ஜூலையில், கடனை ரத்து செய்யும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, அதைக் காங்கிரஸ்தான் செய்ய வேண்டும் என்று பேசியதையும் தீர்ப்பிலேயே சேர்த்துவிட்டார். எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி எலினா கேகன், மாநிலங்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்றார். மிசூரியின் கடன் நிர்வாக அமைப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 கோடி டாலர் கட்டண வருமானத்தை இழக்கும் என்ற ஒற்றை நூலில்தான் அந்தத் தகுதி தொங்கிக்கொண்டிருந்தது என்பதால், கேகனின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் 40,000 கோடி டாலரைச் செலவிடுவதா என்பதை மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும் என்ற அடிப்படையை மறுப்பவர்கள், நாளை தங்களுக்குப் பிடிக்காத அதிபர் ஒருவர் அதே வழியில் போகும்போது எதைச் சொல்லித் தடுப்பார்கள்?

கோவிட் காலத்தில் தொழில் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 80,000 கோடி டாலர் சம்பளக் கடன் கொடுத்து, அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்களே, அப்போது வலதுசாரிகள் எங்கே போனார்கள் என்று கருத்துப் பகுதியில் கேட்கப் போகிறீர்கள். வெள்ளை மாளிகையே 2022-இல் அந்தச் சலுகை பெற்ற குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் பெயர்களையும் தொகைகளையும் ட்விட்டரில் வெளியிட்டது. கேள்வி பாதி சரி. அது தொடக்கத்திலேயே தள்ளுபடிக்கான நிபந்தனைகளோடு காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் என்பதால் அதிகாரம் பற்றிய வாதம் அங்கே பொருந்தாது. ஆனால் தேவையற்றவர்களுக்கும் பணம் போனது என்ற நியாய வாதம் அங்கேயும் அப்படியே பொருந்தும். அந்த நேரத்தில் அதை உரக்கச் சொன்ன வலதுசாரிகள் சிலரே.

எல்லாத் தள்ளுபடியும் தவறு என்று நான் சொல்லவில்லை. பொய்யான வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைக் காட்டி மாணவர்களைச் சேர்த்து, 2015-இல் இழுத்து மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரிகளில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைப் பைடன் அரசு 2022-இல் ரத்து செய்தது. ஏமாற்றப்பட்டவருக்குச் செய்த அந்த நிவாரணத்தையும் சில வலதுசாரிகள் முறைத்துப் பார்த்தது அபத்தம்.

கட்டணத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்பவர்கள் இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர் மிட்ச் டேனியல்ஸ் 2013-இல் அதன் தலைவரானார். மாநில மாணவர்களுக்கான கட்டணம் அப்போது ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்தது; அவர் 2022 இறுதியில் விலகும்வரை அது ஒரு டாலர்கூட ஏறவில்லை. மாணவர் எண்ணிக்கையைப் பெருக்கியதும், வெளிமாநிலத்தவரையும் கூடுதல் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டவரையும் சேர்த்ததும் இதற்குக் கைகொடுத்தன. அந்த வெளிநாட்டவர்களில் நம்மவர்களும் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த மத்தியக் கடன் கிடையாது என்பதால், வீட்டு மனையை ஈடு வைத்து இந்திய வங்கிகளில் வாங்கிய பணம் அங்கே போய்ச் சேர்கிறது.

2025 ஜூலை 4 அன்று டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரவு செலவுச் சட்டம், கடன் கூடினால் கட்டணம் ஏறும் என்ற வலதுசாரிகளின் வாதத்தைச் சட்டமாகவே மாற்றியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிராட் பிளஸ் கிடையாது. முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். பென்னட் சொன்னது சரியென்றால் கல்லூரிகள் இனி கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும். அவை குறைக்காவிட்டால் மாணவர்கள் தனியார் கடன் நிறுவனங்களின் வாசலில் போய் நிற்பார்கள். கடனுக்குப் பொறுப்பேற்று உடன் கையெழுத்திட வசதியான பெற்றோர் இல்லாதவர்களுக்கு அந்த வாசலும் எளிதில் திறக்காது. எதைத் தொழிற்படிப்பு என்று கொள்வது என்பதிலேயே சண்டை தொடங்கிவிட்டது. 2025 நவம்பரில் கல்வித் துறை முன்வைத்த வரைவு வரையறையில் இறையியல் படிப்பு இருந்தது, செவிலியர் படிப்பு இல்லை. செவிலியர் அமைப்புகள் கொந்தளித்ததில் வியப்பில்லை. பாதிரியாராகப் படிப்பவருக்கு இரண்டு லட்சமும், மயக்க மருந்துச் செவிலியராகப் படிப்பவருக்கு ஒரு லட்சமும் என்று பிரிப்பது எந்தச் சந்தைக் கணக்கில் வருகிறது என்பதை வலதுசாரிகள்தான் விளக்க வேண்டும்.