தர்பூசணியோடு யூப்பிக் கிராமத்துக்கு | அலாஸ்கா கோடை முகாம்

வணக்கம் மக்களே. ஆங்கரேஜ் வீட்டுக்கு வந்து பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் கேமராவை எடுத்து வைத்துவிட்டேன். காரணம் போன வீடியோவுக்கு வந்த பதில்கள். தென்மேற்கு அலாஸ்காவில் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில், யூப்பிக் என்ற பழங்குடி மக்களின் ஒரு கிராமத்துக்கு, குழந்தைகளின் கோடை முகாமில் உதவி செய்யப் போகிறேன் என்றதும் 'ஐயோ பாவம் அந்தக் குழந்தைகள்' என்று பாதிப் பேர் உச்சுக் கொட்டியிருந்தீர்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏன் என்று வருகிறேன். முதலில் தர்பூசணி.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், எங்கே போனாலும் நான் பழம் இல்லாமல் போகமாட்டேன். இந்த முறை ஆங்கரேஜ் கடையில் 9 டாலருக்கு ஒரு தர்பூசணி. தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தது, நல்ல கனம். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் மையமான பெத்தேல் ஊர் வரைக்கும் ஜெட் விமானம், ஒரு தொல்லையும் இல்லை. அங்கிருந்து கிராமத்துக்குச் சின்ன செஸ்னா விமானம். அந்த கவுண்டரில் பையை மட்டும் எடை போடுவதில்லை, நம்மையும் சேர்த்துத்தான். பழத்தை அணைத்துக்கொண்டு தராசில் ஏறினேன். அங்கே இருந்தவர் எண்ணைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், "ஏதாவது ஒன்று அடுத்த விமானத்தில் வரட்டும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. துணிப்பையை விட்டேன், தர்பூசணியோடு ஏறிவிட்டேன்! அப்புறம் மூடுபனி பிடித்துக்கொண்டது, விமானமே வரவில்லை. பை வந்து சேரும்வரை ஒரே ஸ்வெட்டர்தான். பரவாயில்லை. முதல் நாள் மதியம் பழத்தை வெட்டினோம். வெள்ளைத் தோல் தெரியும்வரை சுரண்டித் தின்றார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்து மரப்பலகை நடைபாதையில் வரிசையாக நின்று விதை துப்புகிற போட்டி. ஜெயித்தது ஆறு வயசுப் பெண். இந்த வருஷம் எனக்கு இதைவிட நல்ல மதியம் அமையவில்லை.

ஏன் ஒரு பழத்துக்கு இவ்வளவு கொண்டாட்டம் என்றால், அங்கே சாலை கிடையாது. பெத்தேலுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது. யூக்கான், குஸ்கோக்விம் என்று இரண்டு பெரிய ஆறுகள் பேரிங் கடலில் சேர்கிற சமவெளி அது. 50-க்கும் மேற்பட்ட கிராமங்கள், போக வர விமானம், கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் வண்டி. மளிகைச் சாமான் பெரும்பாலும் விமானத்தில் வருகிறது. அஞ்சல் துறை மானியத்தில் 1,000 பவுண்டுக்குக் குறையாத கட்டுகளாக வருவதால்தான் இந்த விலையாவது. கிராமத்துக் கடையில் ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பால் நான் 13 டாலர் கொடுத்து வாங்கினேன். ஒரு கேலன் பால், 13 டாலர்! அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் வருஷம் முழுக்க இந்த விலையில்தான் வாங்குகிறார்கள்.

சரி, உச்சுக் கொட்டியவர்களுக்கு வருகிறேன். மலிவான பால் இல்லை, பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. கோபப்பட வேண்டியது அதற்குத்தான், குழந்தைகளைப் பார்த்துப் பரிதாபப்பட அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு பாட்டி நான்கு வயசுப் பையனை "அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டேன். பாட்டியின் அப்பா காலமான பிறகு பிறந்த பையன், அந்த அப்பாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயரோடு உறவும் வந்துவிடுகிறது. சாப்பாட்டில் நல்ல துண்டு அவனுக்குத்தான் முதலில். ஊரில் பாதி வீடு அவனுக்கு இப்படி ஏதோ ஒரு முறையில் சொந்தம்.

முகாம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்தில் காலையில் படிப்பது, வரைவது, மதியம் ஜிம்மில் கூடைப்பந்து. கூடைப்பந்து என்றால் அந்த ஊருக்கே உயிர். நாங்கள் தூங்கியதும் ஒரு வகுப்பறைத் தரையில்தான். ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம், வெளியே கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், எனக்கும் தூக்கம் வராது. கொசுவைப் பற்றிப் பேசவே மாட்டேன். அவ்வளவு வெறுப்பு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன உடனே அங்கிருக்கும் உதவி ஆசிரியை எங்களை உட்கார வைத்துச் சொன்ன முதல் விஷயம்: ஆமாம் என்றால் குழந்தைகள் புருவத்தைத் தூக்குவார்கள், இல்லை என்றால் மூக்கைச் சுருக்குவார்கள், வாயைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். "இன்னும் பசை வேணுமா?" என்று கேட்டால் இரண்டு புருவமும் மேலே போகும், அவ்வளவுதான் பதில். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு நாள் முகாமுக்கு யாருமே வரவில்லை. அன்றைக்கு மீன் பிடிக்க அனுமதி. ராஜா சால்மன் என்ற பெரிய மீன் குறைந்துபோனதால் ஜூன் மாதத்தில் வலை போடத் தடை, நடுவில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும், அதுவும் 12 மணி நேரம் போல, திறந்துவிடுவார்கள். ஊரே ஆற்றில் இருந்தது. எங்கள் குழுவில் ஒருவருக்கு வருத்தம், அட்டவணை கெட்டுப்போனதாம். எனக்கு அந்த வருத்தம் புரியவே இல்லை. அன்றைக்குப் பாடம் கரையில்தான் நடந்தது. பத்து வயசுப் பெண் பாட்டி பக்கத்தில் நிற்கிறாள், கையில் உலுவாக், அரைவட்ட அலகு கொண்ட கத்தி. தலையை எடுக்கிறாள், முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் அறுத்துக்கொண்டே வருகிறாள், வாலில் மட்டும் விடுகிறாள், இரண்டு துண்டும் சேர்ந்தே இருக்கிறது. அப்புறம் சதையில் குறுக்கே சின்னச் சின்ன வெட்டு, காற்று புகுந்து காய்வதற்கு. வாலைக் கொம்பில் மாட்டிவிட்டு அடுத்த மீன். பாட்டி எதுவும் பேசவில்லை, ஒரே ஒரு இடத்தில் அவள் மணிக்கட்டைத் தொட்டுத் திருப்பினார், அவ்வளவுதான். நான் அன்றைக்குத் தண்ணீர் சுமந்தேன்.

என் கருத்து இதுதான்: வெளியிலிருந்து போகிறவர் அங்கே தண்ணீர் சுமக்கலாம், பென்சில் சீவலாம், பந்து பொறுக்கிப் போடலாம். என்ன சொல்லித்தரலாம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தப் பாட்டிகளின் தலைமுறையில் உயர்நிலைப்பள்ளி வேண்டுமென்றால் தூர ஊர் விடுதிக்குத்தான் அனுப்புவார்கள், ஓரிகன் மாநிலம்வரைகூட. பள்ளியில் யூப்பிக் பேசியதற்கு அடி வாங்கியவர்கள் ஏராளம். குழந்தைகளும் பெற்றோரும் வழக்குப் போட்டு, 1976-இல் உடன்பாடு வந்த பிறகுதான் 100-க்கும் மேற்பட்ட கிராமங்களில் உயர்நிலைப்பள்ளி கட்ட வழி பிறந்தது. உங்கள் குழந்தையைத் திருத்துகிறேன் என்று வந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஒரு வாரம் போய், குழந்தையைத் தோளில் தூக்கிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் திரும்பியே பார்க்காதவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த வீடியோவில் ஒரு குழந்தை முகமும் வராது, ஊர் பெயரும் வராது.

கதைக்கத்தியை, அதாவது கதை சொல்லிக்கொண்டே சேற்றில் படம் வரைகிற கத்தியை, விட்டுவிட்டேனே! மழை விட்ட ஒரு சாயங்காலம், ஆற்றங்கரைச் சேற்றில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னெல்லாம் தந்தத்தில் செதுக்கிய கத்தி, இப்போது வெண்ணெய் தடவுகிற கத்தி. சேற்றை வழித்து மெழுகுகிறாள், ஒரு கட்டம், அதுதான் வீடு. உள்ளே சின்னக் கோடுகள், அவர்கள்தான் பாட்டியும் பேத்தியும். சொல்லச் சொல்லக் கத்தி ஓடுகிறது. காட்சி மாறினால் ஒரே வழிப்பில் அழித்துவிட்டு அடுத்த கட்டம். நான் கொண்டுபோன கலர் பென்சில் பெட்டியை அன்றைக்கு யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை கடைசியில் டுண்ட்ராவில், மரமே இல்லாத ஈர நிலத்தில், பழம் பறிக்கப் போனோம். நனைந்த மெத்தைமேல் நடப்பது மாதிரி இருக்கும், கால் உள்ளே உள்ளே போகும். சால்மன்பெர்ரி, ஆரஞ்சு நிறத்தில். ஒரு குட்டிப் பெண் முதல் தடவையாகத் தானே பறித்தது. அதில் ஒன்றையும் வாயில் போடாமல் அப்படியே கொண்டுபோய் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுத்தாள். முதல் மீனும் முதல் பழமும் கொடுத்துவிட வேண்டும், அது அங்கே முறை. அவர்கள் அதில் அகுதாக் செய்தார்கள், கொழுப்பும் சர்க்கரையும் கையாலேயே நுரைக்க அடித்துப் பழத்தைச் சேர்ப்பது. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். இன்னும் கொடுத்தாலும் சாப்பிட்டிருப்பேன்.

நானும் வரலாமா என்று கேட்டவர்களுக்கு: பழங்குடி மன்றமோ பள்ளியோ கூப்பிட்டால்தான் போக வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆங்கரேஜில் இருப்பவர்கள் விமானம்கூட ஏற வேண்டாம். 2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் கிப்நுக், குவிகிலிங்கோக் என்ற கடலோர யூப்பிக் ஊர்களை அடித்துப்போட்டு, வீடுகளே மிதந்துபோய், நூற்றுக்கணக்கானவர்களை இங்கே விமானத்தில் கொண்டுவந்தார்கள். நான் முதலில் யூப்பிக் குழந்தைகளைப் பார்த்தது அவர்களைத் தங்க வைத்த அரங்கில்தான். அந்தக் குடும்பங்களுக்கு இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது, வீட்டுப்பாடத்துக்கு, சாமான் தூக்க, வண்டி ஓட்ட. பழைய துணி மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

அடுத்த வீடியோவில் அவர்களுடைய நடனத்துக்கான மேளம், விசிறி பற்றிச் சொல்கிறேன். குயானா, நன்றி!