பெயர் சொல்லிச் செபித்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

மாலை மயங்கியதும் குருசடி என்னும் சிற்றாலயத்திலிருந்து செபமாலை கேட்காத கத்தோலிக்க ஊர் நம் குமரி மாவட்டத்தில் அரிது. ஏழைக்கு உதவும் அமைப்புகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆயினும் செபிக்கிறவர் ஒரு பக்கமும் உதவுகிறவர் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பதை, எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிரிவினையில் எனக்கும் பங்குண்டு. இவ்விரண்டையும் பிரிக்காமல் வாழ முயலும் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள், குழு ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

உரோமை நகரில் 1968-ஆம் ஆண்டு, அந்திரேயா ரிக்கார்தி என்ற பதினெட்டு வயது மாணவர் தம் நண்பர் சிலரோடு நற்செய்தி நூலை வாசிக்கத் தொடங்கினார். வாசித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. நகரின் ஓரத்துக் குடிசைப் பகுதிகளுக்குச் சென்று அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1973-இல் த்ரஸ்தேவரே பகுதியிலிருந்த பழைய கார்மேல் மடம் ஒன்று அவர்களுக்கு இடமாக வாய்த்தது. அம்மடத்தின் பெயரே குழுவின் பெயராயிற்று: சாந்த் எஜீதியோ. 1986-இல் திருத்தந்தையின் ஆட்சிப்பீடமான திருப்பீடம் இதனைப் பொதுநிலையினர் கழகமாக ஏற்றது. இவர்கள் துறவிகள் அல்லர். தத்தம் வீட்டில் குடும்பத்தோடு வாழ்ந்து, தத்தம் வேலைக்குப் போய்வருகிறவர்கள்.

வேலை முடிந்து களைத்த உடம்போடுதான் த்ரஸ்தேவரேயின் மரியன்னை பேராலயத்தில் அவர்கள் மாலைதோறும் கூடுகிறார்கள். திருப்பாடல், இறைவார்த்தை, சிறு விளக்கம், பிறகு மௌனம். வழியே போகிற யாரும் உள்ளே வந்து அமரலாம். தியானம் என்றதும் நமக்கு மலையும் மடமும் நினைவுக்கு வருகின்றன. 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் ஒரு பொதுநிலையினர் என்று பெருமையோடு சொல்லி, கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறையருகே மெழுகுதிரி ஏற்றும் நாம்கூட, ஆழ்ந்த செபத்தைச் சாமியார்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒப்படைத்துவிட்டோம்.

சாந்த் எஜீதியோ குழுவினரின் செபம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1983 சனவரி 31 அன்று, உரோமையின் தெர்மினி இரயில் நிலையத்தை ஒட்டித் தெருவில் வாழ்ந்த மொதேஸ்தா வலெந்தி என்ற 71 வயது மூதாட்டிக்கு உடல்நிலை மோசமாயிற்று. அவர் அழுக்காக இருந்தார், தலையில் பேன் இருந்தது என்பதால் ஆம்புலன்சில் ஏற்ற மறுத்தார்கள். மணிக்கணக்கில் காத்துக் கிடந்து அவர் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டிலிருந்து குழுவினர் அவருடைய நினைவுநாளில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, உரோமைத் தெருக்களில் இறந்துபோன வீடற்றோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இன்று அந்நகரில் வீடில்லாதவர்கள் தம்மை அந்நகரில் வசிப்பவர்களாகப் பதிவுசெய்துகொள்ள முகவரியாகக் குறிப்பிடும் தெருவின் பெயர் 'மொதேஸ்தா வலெந்தி தெரு'. எந்த வரைபடத்தில் தேடினாலும் அந்தத் தெரு கிடைக்காது. பதிவேட்டில் மட்டுமே அது உண்டு.

1982 கிறிஸ்துமஸ் நாளில் அதே பேராலயத்துக்குள் மேசை போட்டு, ஏறத்தாழ இருபது ஏழைகளோடு அவர்கள் உணவருந்தினார்கள். பரிமாறுகிறவரும் அதே மேசையில் உட்கார்ந்து உண்பது இவ்விருந்தின் வழக்கம். நம் ஊர் அசன விருந்துகளில் பரிமாறுகிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பந்திவரை நின்றேவிடுகிறார். மொசாம்பிக் நாட்டின் உள்நாட்டுப் போரை முடித்துவைத்த 1992 அக்டோபர் 4 ஒப்பந்தம் இவர்களுடைய முயற்சியால் உரோமையில் கையெழுத்தானதையும் பலர் வியந்து பேசுகிறார்கள். அது பெரிய செய்திதான்; எனக்கு என்னவோ அந்த மெழுகுதிரிகள்தான் மறக்கவில்லை.

ஏனென்றால் நான் எழுதிவந்த கணக்கேட்டில் அரிசி எத்தனை கிலோ, மருந்துக்கு எவ்வளவு, யார் கையொப்பம் என்பதெல்லாம் பிழையின்றி இருந்தன. இறந்துபோனவர்களின் வரிசையில் சிவப்பு மையால் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தேன். மொதேஸ்தாவைப் பற்றி அறிந்த பிறகு, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்திய கூட்டத்தில் அந்தப் பெயர்களை வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் பின் சற்று மௌனமாக இருப்பது என்று முடிவு செய்தோம். பழைய ஏடுகளைப் புரட்டியபோது ஓரிடத்தில் 'சாளை ஆச்சி' என்று மட்டுமே எழுதியிருந்தது, எழுத்து என்னுடையது. கடற்கரையிலிருந்து மீன் கடவம் சுமந்து மேட்டு ஊர்களில் விற்று, முதுமையில் ஒற்றையாய் இருந்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ முறை அரிசிப் பையை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டோம், திருமுழுக்குப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் சாளை ஆச்சி என்றே வாசித்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

வணக்கம்.